கிறிஸ்துமஸ் வாரத்தில் அயர்லாந்து இசை: எதைக் கேட்பது, எந்த நாளில் கேட்பது?

கேள்வி – டிசம்பர் 4

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஓடவிட அயர்லாந்தின் பாரம்பரிய இசை தேடுகிறேன். 'கெல்டிக் கிறிஸ்துமஸ்' என்று தேடினால் மழைச் சத்தமும் சின்தசைசரும் கலந்த ஒரே மாதிரிச் சரக்குதான் வருகிறது. கில்லார்னியில் கிறிஸ்துமஸ் என்று ஒரு பாட்டு, அதையே பத்துப் பேர் பாடியிருக்கிறார்கள். அயர்லாந்துக்காரர்களுக்குச் சொந்தமாகக் கிறிஸ்துமஸ் இசை இருக்கிறதா? இல்லை என்றுதான் தோன்றுகிறது.

டிசம்பர் 4, இரவு

பாதி சரி. அந்தக் கில்லார்னி பாட்டு 1950 வாக்கில் அமெரிக்காவில் எழுதப்பட்டது. கில்லார்னி கெர்ரி மாவட்டத்தில் இருக்கிறது, பாட்டுக்கும் ஊருக்கும் பெயர்தான் ஒட்டு. நான் பதினோரு வருடமாகக் கிளேர் மாவட்டத்தில் இருக்கிறேன், முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. இங்கே ஒருவர்கூட அதைத் தானாக எடுத்துப் பாடி நான் கேட்டதில்லை.

என் கருத்து இதுதான். அயர்லாந்தில் கிறிஸ்துமஸ் இசையைப் பாட்டுகளில் தேடினால் கிடைப்பது கொஞ்சம். வருடம் முழுக்க வாசிக்கிற அதே நடன மெட்டுகள்தான் கிறிஸ்துமஸிலும். ரீல், ஜிக், ஹார்ன்பைப், போல்கா. மாறுவது யார் வீட்டு அடுக்களையில், யார் கூட உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்பது. லண்டனிலும் பாஸ்டனிலும் வேலை பார்க்கிறவர்கள் ஊருக்கு வந்திருப்பார்கள். வருடத்தில் இந்த இரண்டு வாரம்தான் பழைய கூட்டம் மொத்தமாகச் சேரும்.

குளிர்காலப் பெயர் வைத்த மெட்டுகள் உண்டு. 'கிறிஸ்துமஸ் ஈவ்' என்ற ரீல், கால்வே பக்கத்துப் பிடில்காரர் டாமி கோயன் போட்டது, அவர் பெயராலும் அழைப்பார்கள். 'ஃப்ராஸ்ட் இஸ் ஆல் ஓவர்', 'ஆப்பிள்ஸ் இன் வின்டர்' இரண்டும் ஜிக். பெயரை வைத்துப் பனியையும் மெழுகுவத்தியையும் எதிர்பார்க்காதீர்கள். இந்த மெட்டுகளுக்குப் பெயர் ஓர் அடையாளச் சீட்டு மாதிரி, ஒரே மெட்டுக்கு நாலு ஊரில் நாலு பெயர் இருக்கும்.

24ஆம் தேதி மாலை இந்த மூன்றையும் போட்டுக் கேளுங்கள்.

டிசம்பர் 5

ராகம் பற்றிக் கேட்ட நண்பருக்கு. நமக்கு இந்த இசை எளிதில் பிடிபடும் என்பது என் அனுபவம். பெரும்பாலான மெட்டுகள் நாலு ஸ்வர வரிசைகளுக்குள் அடங்கும். நம் கணக்கில் சங்கராபரணம், ஹரிகாம்போதி, கரகரப்பிரியா, நடபைரவி. கிட்டார், பூசூக்கி என்ற கிரேக்கத் தந்தி வாத்தியம் எல்லாம் போன நூற்றாண்டில் பின்னால் வந்து சேர்ந்தவை. அடிப்படையில் ஒரே ஒரு மெட்டு, பத்துப் பேரும் அதையேதான் வாசிக்கிறார்கள், ஒவ்வொருவரும் தன் வழியில் நெளிவு போட்டு. தாளத்துக்கு: ஜிக் என்றால் தகிட தகிட. ஸ்லிப் ஜிக்குக்கு மூன்று தகிட. ரீல் தகதிமி, நல்ல வேகத்தில்.

ஸ்வர வரிசை ஒன்று என்பதால் ராகம் ஒன்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கமகமும் பிடிப்புகளும் இங்கே கிடையாது. 'ரோல்', 'கட்' என்று ஒரு ஸ்வரத்தைச் சுற்றிச் சொடுக்குகிற அழகுகள் உண்டு, அவ்வளவுதான்.

டிசம்பர் 7

மேலே 24ஆம் தேதி அந்த மூன்று மெட்டுகளையும் கேளுங்கள் என்று எழுதியதைத் திருத்த வேண்டும்.

எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார், வயது 91, மேற்குக் கிளேரில் விவசாயக் குடும்பம். இளவயதில் கான்செர்டினா, அதாவது இரு கையிலும் பிடித்து இழுத்துத் தள்ளும் சின்னத் துருத்தி வாத்தியம், வாசித்தவர். நேற்று அவருக்குக் கால் கட்டு மாற்றும்போது இந்தப் பேச்சை எடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உங்கள் வீட்டில் என்ன வாசிப்பீர்கள் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அன்றைக்கு யார் வாசிப்பார்கள்?" என்றார்.

அவர் சொன்னது: கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில், அதாவது திருவருகைக் காலத்தில், நடனம் கிடையாது, கல்யாணமும் கிடையாது. கான்செர்டினா கணப்பு அடுப்புக்குப் பக்கத்து மாடத்தில் இருக்கும், ஈரம் ஏறாமல் இருக்க அங்கேதான் வைப்பார்கள். யாரும் தொட மாட்டார்கள். 24ஆம் தேதி ஜெபமாலை, மீன் சாப்பாடு, ஜன்னலில் மெழுகுவத்தி. 25ஆம் தேதி பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் கதவு சாத்தினது சாத்தினதுதான், அடுத்த வீட்டுக்குக்கூடப் போகக் கூடாது. 26ஆம் தேதி விடிந்த பிறகுதான் மாடத்திலிருந்து கையில் எடுப்பாராம்.

இதைக் கேட்டதும் ஒன்று புரிந்தது. இங்கே இன்றைக்கும் கிறிஸ்துமஸ் அன்று பப் திறக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. புனித வெள்ளித் தடையை 2018இல் எடுத்துவிட்டார்கள், கிறிஸ்துமஸ் தடை அப்படியே இருக்கிறது. வந்த புதிதில் இது எனக்கு விசித்திரமாக இருந்தது. பாட்டி சொன்ன கதவு சாத்தும் வழக்கமும் இதுவும் ஒரே குணம்.

ஆகவே அந்த மூன்று மெட்டுகளையும் 26க்குத் தள்ளி வையுங்கள். அதுவரை வேறு இசை இருக்கிறது, அதைத் தனியாக எழுதுகிறேன். நான் "பாட்டுகள் கொஞ்சம்" என்று ஒரே வரியில் கடந்து போனது அவசரம்.

டிசம்பர் 10

முதலில் வெக்ஸ்போர்டு கேரல் என்ற கிறிஸ்துமஸ் பாட்டு. தென்கிழக்கு மூலையில் இருக்கும் மாவட்டம் வெக்ஸ்போர்டு, அங்கே எனிஸ்கார்த்தி என்று ஓர் ஊர். அவ்வூர்ப் பேராலயத்தின் ஆர்கன் கலைஞர் வில்லியம் கிராட்டன் ஃபிளட் இதை உள்ளூர்ப் பாடகர் ஒருவரிடமிருந்து எழுதி எடுத்தார். 1928இல் ஆக்ஸ்போர்டு கேரல் நூலில் அச்சானது, அதே வருடம் ஃபிளட்டும் இறந்துபோனார். அந்த நூல் வழியாகத்தான் உலகம் முழுக்கப் போயிற்று. 12ஆம் நூற்றாண்டிலிருந்து பாடப்படும் பாட்டு இது.

மெட்டில் கவனிக்க ஒன்று இருக்கிறது. நிஷாதம் இரண்டும் வரும், காகலியும் கைசிகியும். ஒரு வரியில் சங்கராபரணம் மாதிரிப் போய், அடுத்த வரியில் ஹரிகாம்போதிப் பக்கம் சாயும். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு ஒரு கணம் நின்றுவிடும். சிலர் பாடும்போது அதைச் சமன் செய்து ஒரே நிஷாதமாக ஆக்கிவிடுகிறார்கள். அந்தப் பதிவுகளை ஒதுக்கிவிடுங்கள்.

டிசம்பர் 11

12ஆம் நூற்றாண்டு என்று நேற்று நான் எழுதியது தவறு. குறுந்தகட்டு அட்டைகளில் பலமுறை பார்த்து மனதில் பதிந்தது, ஆதாரம் எதுவும் கிடையாது. ஆங்கிலச் சொற்கள் அவ்வளவு பழையவையாக இருக்கவே முடியாது. படித்ததும் யாரோ ஒருவர் கேட்டுவிட்டார், நல்லது. பழமை கூடினால்தான் பாட்டுக்கு மதிப்பு என்று நினைத்து இப்படி ஏற்றிவிடுகிறார்கள் போல. ஊர்க்காரர் ஒருவர் பாடியதை ஊர் ஆர்கன்காரர் உட்கார்ந்து எழுதினார், எனக்கு அதுவே போதும்.

டிசம்பர் 14

இன்று விடுமுறை, நிதானமாக எழுதுகிறேன். கில்மோர் கேரல்கள். இந்த இழையில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

கில்மோர் என்பது வெக்ஸ்போர்டின் தெற்குக் கடலோரத்துக் கிராமம். 1684இல் ஃபெர்ன்ஸ் மறைமாவட்ட ஆயர் லூக் வாடிங் ஒரு சின்னப் பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். அச்சானது இப்போது பெல்ஜியத்தில் இருக்கும் கெண்ட் நகரில். அதில் கிறிஸ்துமஸ் பாடல்கள் இருந்தன. பிறகு 1728இல் வில்லியம் டெவரூ என்ற பாதிரியார் அவற்றோடு வேறு பாடல்களையும் சேர்த்து 'புது மாலை' என்று ஒரு தொகுப்பு எழுதினார். கத்தோலிக்கர்கள் மீது தண்டனைச் சட்டங்கள் இருந்த காலம் அது. பெரிய கோயிலும் ஆர்கனும் பாடகர் குழுவும் கனவில்கூட இல்லை. அதனால் இந்தப் பாடல்களுக்குத் தேவை மனிதத் தொண்டை மட்டும்.

இன்றும் கிறிஸ்துமஸ் பருவத்தில் கில்மோர் கோயிலில் ஆறு ஆண்கள் பாடுகிறார்கள். மூவர் ஒரு பக்கம், மூவர் இன்னொரு பக்கம். ஒரு பத்தியை இவர்கள் பாடினால் அடுத்ததை அவர்கள். பக்கவாத்தியம் கிடையாது, ஒரே குரல்வரி. பாடும் உரிமை குடும்ப வழியாக வந்திருக்கிறது, டெவரூ என்ற பெயர் தலைமுறை தலைமுறையாக அந்தக் குழுவில் இருந்திருக்கிறது.

மூன்று வருடம் முன்பு எனக்குக் கிறிஸ்துமஸ் பகல் ஓய்வு கிடைத்தது. கூட வேலை பார்க்கும் பெண் அந்த ஊர்ப் பக்கத்துக்காரர், அவர் வீட்டில் முதல் நாளே போய்த் தங்கினேன். காலையில் கோயில். சாதாரணக் கிராமத்துக் கோயில், நனைந்த கோட்டு வாசனை, குழந்தைகள் புதுப் பொம்மைகளோடு. பாட்டு எப்போது தொடங்கியது என்றே முதலில் தெரியவில்லை. அவ்வளவு மெதுவாக ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு அசையையும் இழுத்து, சொல் எங்கே முடிகிறது என்று கேட்பவருக்குப் பிடிபடாத அளவுக்கு. மூவர் நிறுத்தியதும் ஒரு சின்ன மௌனம். அந்த மௌனத்தை அவசரமாக நிரப்ப யாரும் முயலவில்லை. பிறகு அடுத்த மூவர்.

குரல்கள் அழகான குரல்கள் என்று சொல்ல மாட்டேன். டிராக்டர் ஓட்டுகிறவர்களின், படகில் போகிறவர்களின் குரல். ஒருவருக்குச் சளி பிடித்திருந்தது. ஆனால் யாரும் யாரைவிடவும் மேலே ஏறவில்லை. எனக்கு நாகூர் தர்காவில் சின்ன வயதில் கேட்ட பாட்டு நினைவுக்கு வந்தது. ஏன் என்று தெரியவில்லை, மெட்டில் ஒற்றுமை எதுவும் இல்லை. யாருக்காகப் பாடுகிறோம் என்பதில் பாடுகிறவர்களுக்கு இருந்த தெளிவு காரணமாக இருக்கலாம்.

பாட்டு ஆங்கிலத்தில், அப்படியானால் அது ஐரிஷ் பாரம்பரியமா என்று ஒருவர் கேட்கக்கூடும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த மூலையில் நடுக்காலத்தில் குடியேறியவர்களின் பழைய ஆங்கிலம், யோலா என்ற வழக்கு, 19ஆம் நூற்றாண்டு வரை பேசப்பட்டது. அங்கத்தைய மண்ணின் மொழிக் கதையே அப்படி. முந்நூறு வருடமாக ஒரே ஊரில் ஒரே மக்கள் பாடுவதை வேறு எந்த மண்ணுக்குச் சொந்தம் என்று சொல்வது?

டிசம்பர் 15

சுருக்கமாக. கில்மோர் பதிவுகள் இணையத்தில் உண்டு, ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். முதல் முறை கேட்கும்போது வேகம் போதவில்லை என்று தோன்றும். வேறு வேலை எதுவும் செய்யாமல் ஒரு பாட்டை முழுதாகக் கேளுங்கள்.

டிசம்பர் 19

இன்று செஷனுக்குப் போய் வந்தேன். தெரியாதவர்களுக்கு: பப்பின் ஒரு மூலையில் வாத்தியக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் வாசிப்பது செஷன். மேடை கிடையாது, அவர்கள் நம்மைப் பார்த்துக்கூட உட்கார மாட்டார்கள். ஒரு மெட்டை மூன்று முறை வாசித்து, இடைவெளி விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவி, அப்படி மூன்று மெட்டு கோத்தால் ஒரு 'செட்'. அடுத்து என்ன மெட்டு என்பதை முதலில் தொடங்கியவர் தாவும்போதுதான் மற்றவர்கள் அறிகிறார்கள். அந்தத் தாவலில் யாராவது "ஹப்!" என்று கத்துவார்கள்.

டிசம்பர் கடைசியில் அயர்லாந்துக்கு வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்ட சில விஷயங்கள். வட்டத்துக்குள் காலி நாற்காலி இருந்தாலும் உட்காராதீர்கள், அது யாரோ ஒருவருக்கு. ஒருவர் பாட ஆரம்பித்தால் பேச்சை நிறுத்துங்கள், மது ஊற்றுகிறவர்கூட நிறுத்துவார். "டேனி பாய்" பாடச் சொல்லிக் கேட்காதீர்கள். பௌரான் கொண்டுபோனால் ஏற்கெனவே ஒரு பௌரான் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் உங்களுடையது பையிலேயே இருக்கட்டும்.

பௌரான் என்பது ஆட்டுத்தோல் கட்டிய வட்டச் சட்ட மேளம், ஒரு கையால் உள்பக்கத்தை அழுத்திக்கொண்டு சின்னக் கட்டையால் தட்டுவது. பழைய செஷன்களில் இது கிடையாது. குளிர்காலத்தில், அதிலும் 26ஆம் தேதி வீடு வீடாகப் போகும் ஊர்வலத்துக்குத்தான் முக்கியமாக வெளியே எடுப்பார்கள். 1960 வாக்கில் ஷான் ஓ ரியாடா தன் கேல்டோரி ஹூலன் குழுவில் சேர்த்த பிறகுதான் இது மேடைக்கு வந்தது. இன்று அயர்லாந்து இசை என்றாலே அந்த மேளப் படம் போடுகிறார்கள். அடிப்படையில் அது கிறிஸ்துமஸ் வாத்தியம்!

இன்றைய கூட்டத்தில் பதினேழு பேர் இருந்தார்கள். ஆறு வருடமாகச் சிட்னியில் இருக்கும் ஒரு புல்லாங்குழல்காரர் விமான நிலையத்திலிருந்து நேராக வந்திருந்தார், பெட்டி சுவரோரம் நின்றது. அவர் அப்பா பிடில். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, அவர் கோட்டைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அப்பா ஒரு ரீலைத் தொடங்கினார். இரண்டாம் சுற்றில் மகன் சேர்ந்துகொண்டார். டாமி கோயனின் 'கிறிஸ்துமஸ் ஈவ்' அது. நான் 26க்குத் தள்ளச் சொன்னேன், இவர்கள் 19ஆம் தேதியே வாசிக்கிறார்கள். பாட்டியின் காலத்துக் கட்டுப்பாடு இன்று பப்பில் இல்லை. சரி, இரண்டையும் எழுதி வைக்கிறேன், நீங்கள் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பாட்டியின் வழி பிடித்திருக்கிறது.

டிசம்பர் 20

நியூயார்க் பாட்டை, 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டை, ஏன் விட்டுவிட்டேன் என்று மூன்று பேர் கேட்டாயிற்று. போக்ஸ் குழுவும் கிர்ஸ்டி மக்காலும் பாடியது, 1987. பாரம்பரியப் பாட்டு அது ஆகாது. ஆனால் மெதுவான தொடக்கம் முடிந்து தகிட நடைக்கு மாறும் இடத்தில் டின் விசில் என்ற சின்னத் தகரக் குழலும் அக்கார்டியனும் செய்வது முழுக்க முழுக்க இந்த மரபு. அந்தக் குழுவின் பாடகர் ஷேன் மக்கவன் பிறந்ததே 1957 கிறிஸ்துமஸ் அன்று. 2023 நவம்பர் 30இல் இறந்தார், டிசம்பர் 8இல் டிப்பரெரி மாவட்டத்து நீனா கோயிலில் அடக்கப் பூசை. அங்கே அந்தப் பாட்டைப் பாடியபோது குடும்பத்தினர் எழுந்து கோயிலுக்குள்ளேயே ஆடினார்கள். அன்று இல்லத்தின் கூடத்தில் தொலைக்காட்சி முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு தாத்தா காலணியால் தரையில் தாளம் போட்டார்.

இதற்கு மேல் அந்தப் பாட்டைப் பற்றி எழுத என்னிடம் இல்லை.

டிசம்பர் 25, அதிகாலை 3 மணி

இரவுப் பணி. எல்லோரும் தூங்குகிறார்கள்.

ஒவ்வொரு அறை ஜன்னலிலும் பேட்டரி மெழுகுவத்தி வைத்திருக்கிறோம், தீ கொளுத்த அனுமதி இல்லை. ஜன்னலில் விளக்கு வைப்பது மரியாளும் யோசேப்பும் இடம் தேடி வந்தால் இங்கே உண்டு என்று சொல்வதற்காம். பாட்டி தன்னுடையதைத் தானே பொருத்த வேண்டும் என்றார். அந்தச் சின்ன விசையை அழுத்த விரல் ஒத்துழைக்கவில்லை, மூட்டுவாதம். நான் கையை நீட்டவில்லை, காத்திருந்தேன். நாலாவது முறையில் எரிந்தது.

பிறகு படுக்கையில் சாய்ந்துகொண்டு ஒரு பாட்டு சொன்னார், பாடவில்லை, சொன்னார் என்பதுதான் சரி. "டன் ஈஹா ஊட் இ மெஹில்". பெத்லகேமின் அந்த இரவைப் பற்றிய ஐரிஷ் மொழிப் பாட்டு. பள்ளிக்கூடத்தில் கற்றது. இரண்டாம் வரியில் குரல் தானாக மெட்டில் ஏறிக்கொண்டது. ஒரு பத்திக்குப் பிறகு சொல் மறந்துவிட்டது, மெட்டை மட்டும் முனகினார்.

இந்த மொழிப் பாட்டுகளைக் கேட்க வேண்டும் என்றால் ஷான்-நோஸ் பாணியில் தேடுங்கள். 'பழைய வழி' என்று பொருள். துணைக்கு வாத்தியம் இருக்காது, தாளக்கட்டும் இறுக்கமாக இருக்காது, சொல் போகிற போக்கில் மெட்டு போகும். நம்மவர்களுக்கு விருத்தம் பாடுவது நினைவுக்கு வரும்.

4ஆம் தேதி நான் "கொஞ்சம்" என்று எழுதியதை இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. எண்ணிக்கையில் கொஞ்சம் என்பது சரியாக இருக்கலாம்.

டிசம்பர் 26, இரவு

லா அன் ட்ரோலீன். ரென் என்ற குட்டிப் பறவையின் நாள். காலை பத்தரைக்கே ஊர்வலக்காரர்கள் எங்கள் இல்லத்து வாசலில் வந்துவிட்டார்கள், இருபது பேர் இருக்கும், பாதி சிறுவர்கள். வைக்கோல் முகமூடி, கிழிசல் கோட்டைத் திருப்பிப் போட்டவர்கள், ஆண் பெண் உடை மாற்றிப் போட்டவர்கள். முன்னால் ஒரு கம்பு, அதன் நுனியில் ஹாலி இலைக் கொத்து, அதற்குள் துணியில் செய்த குட்டிப் பறவை. டின் விசில் நாலு, பௌரான் மூன்று, ஒரு அக்கார்டியன், ஒரு பெண் பிள்ளையிடம் கான்செர்டினா.

கூடத்துக்குள் வந்ததும் போல்காவில் ஆரம்பித்தார்கள். இரண்டு வாரமாகச் சாய்வு நாற்காலியை விட்டு எழாத ஒருவர் என் கையைப் பிடித்து நின்றுவிட்டார். நான் பயந்துபோய் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஆடினோம் என்று சொல்ல முடியாது, நின்ற இடத்திலேயே இரண்டு பக்கமும் அசைந்தோம்.

அப்புறம் பாட்டி. கான்செர்டினாப் பிள்ளையைக் கையசைத்துக் கூப்பிட்டார். பன்னிரண்டு வயது இருக்கும், முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வந்தாள். ஒரு ஜிக் வாசித்தாள். பாட்டியின் குதிகால் தரையில் தட்டத் தொடங்கியது. முடிந்ததும் ஏதோ சொன்னார், நான் கிட்டே போய்க் கேட்டேன். இரண்டாம் பகுதியில் நீ தள்ளுகிற இடத்தில் இழுக்க வேண்டும் என்றார். இந்த வகைக் கான்செர்டினாவில் ஒரே பொத்தானை அழுத்தித் தள்ளினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் வேறு ஸ்வரம். ஒரே ஸ்வரத்தை வெவ்வேறு பொத்தானில் எடுக்கவும் முடியும், எங்கே இழுப்பது எங்கே தள்ளுவது என்பதில்தான் மெட்டின் துள்ளல் இருக்கிறது. பிள்ளை அந்த இடத்தை மாற்றி வாசித்தாள். மாற்றம் எனக்கே கேட்டது.

டிசம்பர் 27

தூத்துக்குடி நண்பர் கேட்டது: எங்கள் ஊரில் கேரல் ரவுண்ட்ஸ் போகிற மாதிரிதானே இதுவும்? வீடு வீடாகப் போவது, பாடுவது, காசு சேர்ப்பது வரை ஒன்றுதான். ஆனால் இவர்கள் பாடுவது ஏசு பிறப்பைப் பற்றி இல்லை. பறவைகளின் ராஜாவான ரென் புதரில் பிடிபட்டது, அதை அடக்கம் செய்யக் காசு கொடுங்கள் என்பதுதான் பாட்டு. ராஜா எப்படி? உயரப் பறக்கும் போட்டியில் கழுகின் இறகுக்குள் ஒளிந்து போய், கழுகு களைத்த இடத்தில் இது கிளம்பி இன்னும் மேலே பறந்ததாம்.

உண்மையில் பறவையைக் கொல்வார்களா என்று பதறிக் கேட்டிருக்கிறீர்கள். முன்பு கொன்றார்கள். புனித ஸ்தேவான் ஒளிந்திருந்த இடத்தை இந்தப் பறவை கத்திக் காட்டிக்கொடுத்தது என்று ஒரு கதை. வைக்கிங்குகளின் மேளத்தில் கொத்தி, பதுங்கி வந்த ஐரிஷ் வீரர்களைக் காட்டிக்கொடுத்தது என்று இன்னொரு கதை. கொன்றதற்குப் பிறகு கட்டிய கதைகள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இப்போது பொம்மைதான். சேரும் காசு பெரும்பாலும் தர்மத்துக்குப் போகிறது.

இதைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்றால் கெர்ரி மாவட்டத்து டிங்கிள். நான் ஒரு முறை போயிருக்கிறேன். தெருவுக்கு ஒரு குழு, ஜான் தெரு, துறைமுகத்துக் குழு, பச்சை-தங்கக் குழு என்று. ஆளையே மூடும் வைக்கோல் உடை, மரத்தில் செய்த வெள்ளைக் குதிரைத் தலை, ஊதுகுழலும் மேளமும். மதியம் தொடங்கி இருட்டிய பிறகும் ஊரைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கேட்க இனிமையாக இருக்கும் என்று போகாதீர்கள், காது அடைக்கும். இரண்டு நாள் கதவு சாத்திக் கிடந்த ஊர் ஒரேயடியாகத் தெருவுக்கு வருகிற சத்தம் அது. அந்த இரண்டு நாள் மௌனம் தெரியாமல் போயிருந்தால் எனக்கு அன்று வெறும் இரைச்சலாகத்தான் இருந்திருக்கும்.

பச்சை-தங்கம் கெர்ரி மாவட்டக் கால்பந்து அணியின் நிறமும்கூட. அதைப் பற்றி வேறு இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

ஜனவரி 2

தொகுப்புகளே வேண்டாம் என்கிற மாதிரி நான் எழுதிவிட்டதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். நேற்று சீஃப்டன்ஸ் குழுவின் 1991 கிறிஸ்துமஸ் தொகுப்பு, 'பெல்ஸ் ஆஃப் டப்ளின்', மறுபடி கேட்டேன். டப்ளின் கிறைஸ்ட் சர்ச் பேராலய மணிகளோடு தொடங்கும். வெளிநாட்டு நட்சத்திரங்கள் வரிசையாக வருவதால் நான் முன்பு அதைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். முழுதாகக் கேட்டபோது அதன் நடுவில் ரென் நாளுக்கென்றே ஒரு தொடர் இருக்கிறது, கெவின் கானஃப் பாட, பௌரான் தன் சொந்த வேலையைச் செய்கிறது. நான் அவசரப்பட்டிருக்கிறேன்.

குழுவைத் தொடங்கியவர் பாடி மலோனி, 2021இல் இறந்தார். அவர் வாசித்தது இலன் பைப்ஸ். ஸ்காட்லாந்துப் பைப் மாதிரி வாயால் ஊதுவது கிடையாது, முழங்கைக்கு அடியில் துருத்தி, நம் சுருதிப்பெட்டியில் காற்று அடைப்பது மாதிரி. அடியில் விடாத சுருதி, மேலே மெட்டு. நமக்கு அந்நியமாக இருக்காது. மெதுவான மெட்டு ஒன்றை அதில் கேளுங்கள், பனிக்காலத்துக்கு அதைவிடப் பொருத்தமான சத்தம் எனக்குத் தெரியாது.

ஜனவரி 6

இன்று நொல்லிக் ந மான், பெண்களின் கிறிஸ்துமஸ். பண்டிகை முழுக்க அடுக்களையில் நின்ற பெண்கள் இன்று கிளம்பிவிடுவார்கள், வீட்டு வேலை ஆண்களுக்கு. கார்க், கெர்ரி பக்கம் இந்த வழக்கம் விடாமல் இருந்தது, இப்போது நாடு முழுக்கப் பெண் கலைஞர்கள் மட்டும் வாசிக்கும் செஷன்களும் கச்சேரிகளும் இதே நாளில் நடக்கின்றன.

கிளேரில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. இங்கே கான்செர்டினா பெண்களின் வாத்தியமாகவே இருந்திருக்கிறது. கில்ரஷ் ஊரில் பப் நடத்திய எலிசபெத் குரோட்டி, 1885இல் பிறந்து 1960இல் இறந்தவர், வானொலி அவரைப் பதிவு செய்ததால் நாடு முழுக்கத் தெரிந்தது. எங்கள் பாட்டி சின்ன வயதில் அந்தப் பப்பின் பின்கதவு வழியாகப் போய் அவர் வாசிப்பதைக் கேட்டிருக்கிறாராம்.

பாட்டியின் பேத்தி இன்று பழைய வீட்டிலிருந்து அவருடைய கான்செர்டினாவைக் கொண்டுவந்தார். துருத்தியின் ஒரு மூலையில் தோல் விட்டிருக்கிறது, காற்று கசிகிறது. 26ஆம் தேதி வந்த பிள்ளையும் அம்மாவோடு வந்திருந்தாள். பாட்டியால் பொத்தான் அழுத்த முடியவில்லை. பிள்ளை பொத்தான்களைப் பார்த்துக்கொள்ள, பாட்டி அவள் கைகளின் மேல் தன் கைகளை வைத்து எங்கே இழுப்பது, எங்கே தள்ளுவது என்று துருத்தியை மட்டும் நடத்தினார். 'ஃப்ராஸ்ட் இஸ் ஆல் ஓவர்'. முதல் பகுதி மூன்று முறை, இரண்டாம் பகுதி ஒரு முறை, அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

கேள்வி கேட்ட நண்பருக்கு: பேத்தி போனில் பதிவு செய்திருக்கிறார். பாட்டியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் சம்மதித்தால் இங்கேயே போடுகிறேன், காற்றுக் கசிவுச் சத்தத்தோடு.